வெயிலில் செத்த மீனின் ஈரல் ஏன் வெளுத்திருந்தது?

மீன் வளர்க்கும் ஒருவர் கேட்டது இது: பத்து நாளாகக் கடும் வெயில். குளத்து நீர் பிற்பகலில் 35 டிகிரி வரை ஏறுகிறது. திலேப்பியா தீவனத்துக்கு முன்போல ஓடி வருவதில்லை, தினமும் இரண்டு மூன்று மிதக்கின்றன. அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சள் பாய்ந்து வெளுத்திருக்கிறது, பித்தப்பை பெருத்துக் கரும்பச்சையாக நிற்கிறது. வெப்பம் ஈரலைக் கெடுக்குமா, ஈரல் டானிக் கொடுத்தால் சரியாகுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெப்பம் மீனின் ஈரலைப் பாதிக்குமா என்பது ஒன்று. பாதிக்கும், அதில் ஐயமில்லை. உங்கள் மீனின் ஈரல் வெளுத்தது வெப்பத்தால்தானா என்பது இன்னொன்று. அதை நிறத்தை வைத்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது. நைல் திலேப்பியா 27 முதல் 30 டிகிரியில் நன்றாக வளரும். வெப்பத்தால் மட்டுமே சாக வேண்டுமென்றால் நீர் 40-ஐத் தாண்ட வேண்டும். 35 டிகிரியில் அது சோர்ந்து போகலாம், தினமும் சாவதற்கு வேறு ஏதோ துணை போகிறது. அந்தத் துணையைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் வெப்பம் ஈரலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மீனுக்குத் தன் உடல் வெப்பத்தை நிலையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது, நீர் எவ்வளவோ ஈரலும் அவ்வளவு. வெப்பம் 10 டிகிரி கூடினால் உடலின் ஆக்சிஜன் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நீரில் கரையும் ஆக்சிஜனோ அதே நேரத்தில் குறைகிறது. கடல்மட்ட உயரத்தில் நன்னீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மி.கி. வரை ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 6.9 தான். இது நீரில் ஆக்சிஜன் முழுதாக நிறைந்திருந்தால் கிடைக்கும் கணக்கு. பாசி அடர்ந்த குளத்தில் விடியற்காலையில் இதில் பாதிகூட இருக்காது.

இந்தப் பற்றாக்குறை ஈரலில் முதலில் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. ஈரலுக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி குடலைச் சுற்றிவிட்டு வாயிற்சிரை வழியாக வருவது. குடல் தன் பங்கு ஆக்சிஜனை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதுதான் ஈரலுக்கு. கால்வாயின் கடைமடை வயல் மாதிரி. தண்ணீர் தாராளமாக ஓடும்போது குறை தெரியாது, வரத்து குறைந்ததும் முதலில் காய்வது அதுதான். இரை செரிக்கும் நேரத்தில் குடல் இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். வெயில் நாளில் மாலைத் தீவனம் ஏன் ஆபத்து என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வெப்பம் ஏறிய சில நிமிடங்களிலேயே அட்ரினலின் வகை ஹார்மோன்களும், அவற்றைத் தொடர்ந்து கார்டிசோலும் ரத்தத்தில் கூடும். இரண்டும் ஈரலுக்கு இடும் கட்டளை ஒன்றே: சேமிப்பை உடைத்து குளுக்கோஸாக அனுப்பு. ஈரல் தன் கிளைகோஜன் (சேமித்து வைத்த மாவுச்சத்து) இருப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாள் என்றால் இது பாதிப்பே இல்லை, உடல் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். வெயில் நீடித்து, மீன் இரையும் எடுக்காமல் போனால், கிளைகோஜன் தீர்ந்து புரதத்தில் கை வைக்க வேண்டிய நிலை வரும். அமினோ அமிலங்களை எரித்தால் அம்மோனியா வரும், அந்த வேலையும் பெரும்பாலும் ஈரலில்தான் நடக்கிறது. வந்த அம்மோனியாவைச் செவுள் வழியே நீரில் தள்ள வேண்டும், நீரிலேயே அம்மோனியா கூடியிருந்தால் அதுவும் சுலபமில்லை.

இதற்கு அடியில் செல்லுக்குள் நடப்பது வேறு. வெப்பத்தில் புரதங்கள் மடிப்புக் குலையும். அவற்றைத் திரும்ப மடித்துக் கொடுக்க எச்எஸ்பி70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை ஈரல் செல்கள் அதிகமாக உற்பத்தி செய்யும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தன் எல்லை வெப்பத்தை நெருங்கும்போது எரிபொருளை வீணடிக்கத் தொடங்கி, கட்டுக்கடங்காத ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கும். மீனின் செல்சவ்வில் பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்கள் நிறைய, இவை சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் ரகம். இந்தத் தாக்குதலைத் தடுக்க சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டதையோன் பெராக்சிடேஸ் என்று ஒரு நொதிப் படை உண்டு. ஆய்வக அறிக்கையில் இந்த நொதிகள் கூடியிருப்பதைப் பார்த்து 'மீன் சமாளிக்கிறது' என்றோ, குறைந்திருப்பதைப் பார்த்து 'பாதிப்பு இல்லை' என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். தொடக்கத்தில் கூடும், தாக்குதல் நீண்டு படை களைத்தால் குறையும். ஒருநாள் எடுத்த ஒரே எண் எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்று தெரியாது. கூடவே கொழுப்புச் சிதைவின் மிச்சமான மலோன்டையால்டிஹைடு எவ்வளவு என்றும் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

நுண்ணோக்கியில் தெரியும் மாற்றங்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. செல் வீங்குவது, உள்ளே வெற்றுக் குமிழ்கள் தோன்றுவது, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்படுவது, ரத்த நுண்குழாய்கள் விரிந்து ரத்தம் தேங்குவது ஆகியவை திரும்பக்கூடியவை. உட்கரு சுருங்கிக் கறுப்பது, செல் கூட்டமாக மடிவது, அழற்சிச் செல்கள் மொய்ப்பது, கருநிறமி ஏந்திய மேக்ரோபேஜ் (கழிவை விழுங்கும் செல்) திட்டுகள் பெருகுவது, இவை பாதிப்பு ஒரு படி ஆழமாக இறங்கியதற்கு அடையாளம். ஆனால் இவற்றில் ஒன்றுகூட வெப்பத்துக்கு மட்டுமே உரியது கிடையாது. பூச்சிமருந்து, கன உலோகம், பட்டினி, கெட்ட தீவனம் எல்லாமே இதே படத்தைத்தான் வரையும். 'வெப்பத்தால் ஆன ஈரல்' என்று தனி முத்திரை எதுவும் இல்லை.

வெப்பம் எவ்வளவு என்பதைப் போலவே எவ்வளவு வேகத்தில் ஏறியது என்பதும் முக்கியம். வாரக்கணக்கில் மெல்ல 33 டிகிரிக்குப் பழகிய மீனுக்கு 35 பெரிய அதிர்ச்சியாக இருக்காது. 27 டிகிரியில் இருந்த மீனை அதே நாளில் 35 டிகிரித் தொட்டியில் விட்டால் கதை வேறு. இனமும் கணக்கில் வரும். குளிர்நீர் மீனான வானவில் டிரவுட் 25, 26 டிகிரியிலேயே செத்துவிடும், அதன் ஈரலைப் பற்றிப் படித்ததை எண் மாறாமல் திலேப்பியாவுக்குப் பொருத்தக் கூடாது.

ஐயம் உள்ள இடம் கொழுப்பு. வெப்பத்தால் ஈரலில் கொழுப்புச் சேருமா, கரையுமா? இரண்டும் நடக்கிறது. இரை எடுக்காத மீனில் ஈரல் சுருங்கும். இரை தொடர்ந்து எடுத்து, ஈரலிலிருந்து கொழுப்பை வெளியே ஏற்றிச் செல்லும் வேலை மட்டும் தடைப்பட்டால் கொழுப்பு தேங்கும். இனம், தீவனத்தின் கொழுப்பளவு, நாட்கள், எல்லாம் சேர்ந்துதான் எது என்று தீர்மானிக்கும். இதைப் பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு: ஈரல் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 250 கிராம் மீனில் 4 கிராம் ஈரல் என்றால் 1.6 சதவீதம். இந்த எண்ணை ஏதோ ஒரு நூலில் இருக்கும் 'இயல்பு' எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதே குளத்தில் வெயிலுக்கு முன் எடுத்த எண்ணோடு, அதே அளவு மீனோடு, ஆண் பெண் பிரித்து ஒப்பிட வேண்டும். முட்டை கட்டும் பெண் மீனில் மஞ்சள் கருப் புரதம் ஈரலில் தயாராவதால் ஈரல் தானாகவே பெருக்கும்.

இனி உங்கள் வெளுத்த ஈரலுக்கு வருவோம். பித்தப்பை முதலில், ஏனென்றால் அது எளிது. மீன் இரை எடுத்தால் பித்தம் குடலுக்குள் வடியும், எடுக்காவிட்டால் பையிலேயே தேங்கிக் கெட்டிப்பட்டுக் கரும்பச்சையாகும். பெருத்த பித்தப்பை சொல்வது 'இந்த மீன் கொஞ்ச நாளாகச் சாப்பிடவில்லை' என்பதை மட்டும். ஈரல் கெட்டதற்கு அது சாட்சி ஆகாது.

வெளுப்புக்கு நான் சந்தேகப்படும் வரிசை இது. முதலில், மீன் செத்து எவ்வளவு நேரம் கழித்து அறுத்தீர்கள்? 35 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் கிடந்தாலே ஈரல் குழைந்து நிறம் மாறத் தொடங்கும், பித்தம் கசிந்து பச்சைத் திட்டுகளும் விழும். மிதந்த மீனை அறுத்துச் சொல்லும் எதையும் நான் பாதிக்கு மேல் நம்ப மாட்டேன். இரண்டாவது, மாவுச்சத்து மிகுந்த தீவனம் தின்று வளரும் திலேப்பியாவின் ஈரல் நோயே இல்லாமல் வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும், கிளைகோஜன் நிறைந்திருப்பதால். மூன்றாவது, செவுளும் சேர்ந்து வெளுத்திருந்தால் அது ரத்தசோகை. ஈரல் வெளுத்தது ரத்தம் குறைந்ததால்.

நான்காவதுதான் வெயில் காலத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது: தீவன மூட்டை. குளத்தைச் சுட்ட அதே வெயில் கிடங்கையும் சுட்டிருக்கும். சூட்டில் தீவனத்தின் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், அந்தச் சிதைவு வைட்டமின் ஈ இருப்பைத் தின்றுவிடும். அத்தகைய தீவனம் தொடர்ந்து கொடுத்த டிரவுட் பண்ணைகளில் மஞ்சள் பழுப்பு நிறத்தில் வெளுத்த ஈரலும் ரத்தசோகையும் சேர்ந்து வருவது பழைய, நன்கு பதிவான நோய். ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொரிப்பகங்களில் வளர்ந்த வானவில் டிரவுட்டுகளில் ஈரல் புற்றுநோய் கூட்டமாகத் தோன்றியதற்குத் தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சினே காரணம் என்று கண்டார்கள். திலேப்பியா இந்த நஞ்சை டிரவுட்டைவிட அதிகம் தாங்கும். அதற்காக அது பாதுகாப்பு என்று பொருள் இல்லை. மூட்டையின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் போன்ற சிக்கு வாடை வந்தால் அந்த மூட்டையை ஒதுக்குங்கள். வாடை இல்லை என்பதால் அஃப்ளாடாக்சின் இல்லை என்றாகாது, அதற்குச் சோதனைதான் வழி.

ஐந்தாவது, நீலப்பச்சைப் பாசி. வெப்பம் கூடினால் செழிக்கும் இந்தப் பாசிகளில் மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. இந்த நஞ்சின் முக்கிய இலக்கே ஈரல்தான். நீர்ப்பரப்பில் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் படலம் ஒதுங்கினால் இதை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். ஆறாவது தொற்று. 2014-இல் முதலில் விவரிக்கப்பட்ட திலேப்பியா ஏரி வைரஸ் ஈரலை நேரடியாகத் தாக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியும் வெந்நீர்க் காலத்தில்தான் தலையெடுக்கும். தோலில் புண், கண் மங்கல் அல்லது பிதுங்கல், சுழன்று நீந்துதல் இவற்றில் ஏதாவது தெரிந்தாலோ, சாவு எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினாலோ, வெயிலைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

சரியாகப் பார்க்க வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். ஓரத்தில் சோர்ந்து நிற்கும் உயிருள்ள மீன் 4, நன்றாக நீந்தும் மீன் 3 பிடியுங்கள். நல்ல மீன் இல்லாமல் ஒப்பீடு கிடையாது. மயக்க மருந்து கொடுத்துக் கொன்ற சில நிமிடங்களுக்குள் அறுத்து, ஈரலை எடை போட்டு, இரண்டு வகை மீனின் ஈரலையும் ஒரே வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பிறகு 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டுகளாக வெட்டி, துண்டின் அளவைப்போல் 20 மடங்கு, 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் போடுங்கள். அதாவது கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 1 பங்கு, பஃபர் கரைசல் 9 பங்கு. தடித்த துண்டு போட்டால் நடுப்பகுதி ஃபார்மலின் எட்டாமல் அழுகும், அதைப் பார்த்து 'செல் மடிவு' என்று அறிக்கை வரும். உறைய வைத்த மீன் திசு ஆய்வுக்கு உதவாது. வைரஸ் சோதனைக்குத் தனியாக ஒரு சிறு ஈரல் துண்டை 95 சதவீத எத்தனாலில் வையுங்கள்.

ஆய்வகத்தில் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: வெற்றுக் குமிழ்கள் கொழுப்பா, கிளைகோஜனா? வழக்கமான சாயத்தில் இரண்டும் வெறுங்குழியாகத்தான் தெரியும், பாரஃபினில் பதிக்கும்போது கொழுப்பு கரைந்து ஓடிவிடுவதால். கிளைகோஜனுக்கு பிஏஎஸ் சாயம், கொழுப்புக்கு உறைவெட்டில் (ஆய்வகத்தில் திசுத் துண்டை உறைய வைத்துச் சீவியதில்) ஆயில் ரெட் ஓ சாயம். இதைப் பிரிக்காமல் 'கொழுப்பு ஈரல்' என்று எழுதிய அறிக்கைகள் ஏராளம். ரத்தத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி (செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நொதிகள்) அளந்து ஈரலைத் தீர்மானிப்பதிலும் கவனம் வேண்டும். ஏஎஸ்டி தசையிலும் இதயத்திலும் நிறைய இருக்கிறது, வலையில் துள்ளிய மீனில் ஈரல் நன்றாக இருந்தாலும் கூடலாம்.

ஆய்வக முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கரைந்த ஆக்சிஜனை விடியலுக்குச் சற்று முன், குளத்தின் அடியில் அளந்து பாருங்கள். பகல் 3 மணிக்கு அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வெப்பம், பி.எச்., அம்மோனியா மூன்றையும் மாறாகப் பிற்பகலில் அளக்க வேண்டும், ஏனென்றால் பாசியின் ஒளிச்சேர்க்கையால் பி.எச். அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மொத்த அம்மோனியாவில் நச்சான பங்கு 25 டிகிரி, பி.எச். 8-இல் சுமார் 5 சதவீதம். 30 டிகிரி, பி.எச். 9-இல் சுமார் 45 சதவீதம். அதே 1 மி.கி. அம்மோனியா காலையில் ஒன்றும் செய்யாமல், மாலையில் மீனைச் சாய்ப்பது இப்படித்தான்.

விடியல் ஆக்சிஜன் 3 மி.கி.க்குக் கீழே இருந்தால் அன்று தீவனமே வேண்டாம். அதற்கு மேல் இருந்தாலும் வழக்கமான அளவில் பாதி போதும்: 100 கிலோ மீனுக்கு 3 கிலோ போட்டவர் 1.5 கிலோ போடலாம். காலையில் ஆக்சிஜன் 5-ஐத் தொட்ட பிறகு போட்டுவிடுங்கள், மாலைத் தீவனத்தை நிறுத்துங்கள். இரை செரிப்பதற்கான ஆக்சிஜன் தேவை தின்ற பிறகு பல மணி நேரம் உயர்ந்தே நிற்கும். மாலையில் தின்ற மீனுக்கு அந்த உயர்வு நீரில் ஆக்சிஜன் இறங்கும் இரவில் வந்து சேரும், கடைமடை ஈரலுக்கு அன்றிரவு எதுவும் மிஞ்சாது. ஏரேட்டரை (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இரவு 10 மணி முதல் சூரியன் ஏறி ஒரு மணி நேரம் வரை ஓட்டுங்கள். நண்பகலில் ஒரு மணி நேரம் ஓட்டி மேல் கீழ் நீரைக் கலப்பதும் நல்லதே, ஆனால் வெயில் தொடங்கிய நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும். பத்து நாள் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த நீரை ஒரே மூச்சில் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடோடு மேலே வரும். இப்போது தொடங்குவதானால் முதல் நாள் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பகலில் வலை போடுவதும் மீனை இடம் மாற்றுவதும் கூடவே கூடாது.

டானிக் பற்றி. பாட்டிலில் விற்கும் ஈரல் டானிக்குகளில் பெரும்பாலும் கோலின் என்ற சத்து, சில பி வைட்டமின்கள், மூலிகைச் சாறுகள் இருக்கும். தீவனத்தில் கோலின் குறைந்தால் ஈரலில் கொழுப்புச் சேரும் என்பது உறுதியானது. குறையாத தீவனத்தில் மேலும் ஊற்றினால் பலன் உண்டா என்றால், ஆதாரம் மெலிந்தது. பால் முட்செடியின் சிலிமாரின் போன்றவை தொட்டிச் சோதனைகளில் நல்ல எண்களைக் காட்டியிருக்கின்றன. தொட்டியில் ஆக்சிஜன் குறைவதில்லை, உங்கள் குளத்தில் குறைகிறது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வைட்டமின் சி-க்கு நியாயம் அதிகம். வெறும் அஸ்கார்பிக் அமிலம் சீக்கிரம் சிதைந்துவிடும், நிலைப்படுத்திய பாஸ்பேட் வடிவம் வாங்குங்கள். தீவனக் கிலோவுக்கு 300 மி.கி. வேண்டும், பொருளில் 35 சதவீதம் வைட்டமின் இருக்கிறது என்றால் கிலோவுக்கு 0.86 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பைண்டர் (ஒட்டுப்பொருள்) சேர்த்துத் தீவனத்தில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே போட்டுவிடுங்கள். செலினியத்தைக் கைக்கணக்கில் சேர்க்காதீர்கள், தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. சாகும் மீனைப் பார்த்த பதற்றத்தில் குளத்தில் ஃபார்மலின் ஊற்றுபவர்களும் உண்டு. லிட்டருக்கு 5 மி.கி. ஃபார்மலின் ஏறக்குறைய 1 மி.கி. ஆக்சிஜனை நீரிலிருந்து எடுத்துவிடும். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டாலும் இதே கதி: செத்த பாசி அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும், உள்ளே வைத்திருந்த நஞ்சையும் ஒரே நேரத்தில் நீரில் விடும்.

வெயில் தணிந்ததும் மீன் பசியோடு மேலே வரும், பழைய அளவுக்கே உடனே போகத் தோன்றும். நாளுக்குப் பத்து சதவீதம் வீதம் ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். குமிழ் விழுந்த ஈரல் செல்கள் இரையும் ஆக்சிஜனும் கிடைத்தால் சில வாரங்களில் தேறிவிடும், ஓரளவு செல் மடிவைக்கூட மீனின் ஈரல் புதிதாக வளர்த்து ஈடுகட்டும். மூன்று வாரம் கழித்து அதே எடையுள்ள 3 மீன்களை அறுத்து, ஈரல் சதவீதத்தையும் வெள்ளைத் தட்டுப் படத்தையும் பழையதோடு வைத்துப் பாருங்கள். நீர் குளிர்ந்து, ஆக்சிஜனும் சரியாக இருந்து, அப்போதும் ஈரல் வெளுத்தே இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது தீவன மூட்டையைத்தான்.